காஜாவிலிருந்து ஆரம்பம்

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் வீட்டுவழிப் பயிற்சிக்குப் போனால், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் முதலில் கேட்பது அ, ஆ இல்லை. “சட்டைய அவனாப் போட்டுக்கிட்டாப் போதும் மிஸ்.”

சட்டை போடுவது மற்றவர்களுக்கு ஒரே வேலை. சிறப்பாசிரியருக்கு அது பத்துப் பதினைந்து வேலை. அப்படிப் பிரிப்பதைத்தான் டாஸ்க் அனாலிசிஸ் என்கிறோம். மேசையில் உட்கார்ந்து பிரித்தால் ‘பட்டன் போடுதல்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு மெதுவாகச் செய்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். ஆண்பிள்ளைச் சட்டையில் பட்டன் வலப்பக்கம், காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை, இடப்பக்கம். இடக்கை காஜா ஓரத்தைப் பிடித்திருக்க, வலக்கை பட்டனைச் சாய்த்து உள்ளே தள்ள வேண்டும். பாதி வெளியே வந்ததும் இடக்கை துணியை விட்டுப் பட்டனைப் பிடிக்க வேண்டும். வலக்கை பட்டனை விட்டுத் துணிக்கு மாற வேண்டும். இந்தக் கைமாற்றத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியாது; அது கடைசி. நெஞ்சுக்குக் கீழே இருக்கும் பட்டன்தான் தொடங்கத் தோது.

எந்தப் படியை முதலில் சொல்லிக்கொடுப்பது? கடைசிப் படியை. எல்லாவற்றையும் அம்மா செய்து, பாதி வெளியே வந்த பட்டனை இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுவது. பேக்வேர்ட் செயினிங் என்பது இதுதான். “அடுப்பையும் பார்த்துக்கிட்டு இதெல்லாம் நடக்குமா மிஸ்?” என்று கேட்ட அம்மாவுக்கும் ஒரு இழுப்புக்கு நேரம் இருக்கிறது. முன்னாலிருந்து தொடங்கினால் பாதியில் பொறுமை போய், மிச்சத்தை அம்மாவே போட்டுவிடுவார். பின்னாலிருந்து வந்தால் வேலையை முடிப்பது எப்போதும் பிள்ளைதான். செய்ததற்குப் பலன் கிடைத்தால் மறுபடி செய்வோம் என்று உளவியலாளர் ஸ்கின்னர் சொன்ன ஊக்கம், மிட்டாய் எதுவும் இல்லாமல், அந்த முடிப்பிலேயே கிடைக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் தையற்கடைகளில் இந்தப் பாடத்தை யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. புதிதாக வரும் பையனுக்குக் கத்தரிக்கோல் கிடைக்காது. காஜா எடுப்பான், பட்டன் கட்டுவான், பிறகு ஓரம் அடிப்பான், அப்புறம் தையல். வெட்டுவது கடைசி. லைபீரியத் தையற்காரர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜீன் லேவும் இதே தலைகீழ் வரிசையைத்தான் பார்த்தார். 1991-இல் எட்டியென் வெங்கருடன் எழுதிய நூலில் அது வருகிறது. துணியை வீணாக்கும் வேலை கடைசிக்குப் போவதில் முதலாளிக்கும் லாபம்!

பி.எட். பரீட்சையில் ஸ்கின்னரையும் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கியையும் எதிரெதிரே நிறுத்தி ‘வேறுபடுத்துக’ என்று கேட்பார்கள். பாய் விரித்துப் பிள்ளையோடு உட்கார்ந்தபின் அந்தச் சண்டைக்கு இடமில்லை. வேலையை எப்படிப் படிகளாக வெட்டுவது என்பதற்கு ஸ்கின்னர். எங்கே தொடங்குவது என்பதற்கு வைகோட்ஸ்கி. தனியாக முடியாது, கொஞ்சம் கை கொடுத்தால் முடியும் என்கிற இடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. புத்தகத்தில் அச்சான படிப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

உதவியைக் குறைப்பது தனிக் கலை. கையின் மேல் கை, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு விரலால் காட்டுவது. இவற்றையெல்லாம் விட்டுவிடலாம், வாய்தான் நிற்காது. ‘இழு, இழு’ என்று சொல்லிப் பழக்கிவிட்டால், அந்தச் சொல் வராமல் பிள்ளை இழுக்காது. அதனால் பாட்டிமார்களிடம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்காரச் சொல்வேன்.

மான்டிசோரி பட்டன் சட்டம், அதாவது பட்டன் வைத்த துணியை மாட்டிய மரச்சட்டம், நல்ல சாமான்தான். ஆனால் அது மேசைமேல் பிள்ளையின் முகம் பார்த்துக் கிடக்கிறது. சட்டை உடம்பில் இருக்கிறது. சட்டத்தில் சரளமாகப் போடும் பிள்ளை தன் சட்டையில் விழிப்பதைப் பார்த்தபின், நான் அப்பாவின் பழைய சட்டையையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பெரிய பட்டன், தளர்ந்த காஜா.

பதிவேட்டில் ‘தானே ஆடை அணிகிறார்: ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம். கடைசி இழுப்பு வரை வந்த பிள்ளையும் அதில் ‘இல்லை’தான். ‘மூன்றாம் பட்டன், கைமாற்றத்துக்குப் பிறகு தானாக’ என்று பக்கத்து ஓரத்தில் எழுதி வைக்கிறேன். நான் மாற்றலாகிப் போனாலும், அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.