வீடியோ காலில் சேலையின் நிறம் சரியாகத் தெரிய நாங்கள் செய்தவை

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் எங்கள் குடும்பம், திருத்தணி, காஞ்சிபுரம் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் வீடியோ காலில்தான் சேலைகளைக் காட்டுகிறது. சென்ற ஆண்டு படம் மங்கியும் கட்டம் கட்டமாக உடைந்தும் தெரிந்ததால், "இது அரக்கா, குங்குமச் சிவப்பா, ஒண்ணும் புரியலையேம்மா" என்று பலரும் கேட்கத் தொடங்கினார்கள்.

கோளாறு கேமராவிலா, படம் போய்ச் சேரும் வழியிலா என்று பிரித்தறிய, அதே சேலையை அதே இடத்தில் போனில் பதிவு செய்து பார்த்தேன். பதிவும் மங்கலாகவே இருந்தது. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசு எண்ணெய்ப் பிசுக்கோடு லென்ஸின் மேல் படிந்திருந்தது. மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, முன் கேமராவை விட்டுப் பின் கேமராவுக்கு மாறியதும் ஜரிகை இழைகள் தனித்தனியே தெரிந்தன.

ஆனாலும் படத்தின் மேல் கரும்பட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. நம் கண்ணுக்குப் படாத அந்த மினுக்கம் கேமராவில் பட்டையாக விழுகிறது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்துக்கு மாறியதும் அது நின்றது. நிறம் மட்டும் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. ஒரே நிறச் சேலை திரை முழுவதையும் நிறைக்கும்போது, கேமரா அந்த நிறத்தையே வெளிச்சத்தின் சாயலாக எடுத்துக்கொண்டு தானாகத் திருத்திவிடுவதால், மாம்பழ மஞ்சள் வெளிறிப்போகிறது. முந்தியின் ஓரத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை மடித்து வைத்துக் காட்டிய பிறகுதான், கையிலிருக்கும் நிறத்துக்கு மிக நெருக்கமாகத் திரையிலும் தெரிந்தது. தறி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதிவு தெளிவாக வந்தும் அழைப்பு மட்டும் உடைந்ததற்குக் காரணம் பதிவேற்ற வேகம். நாம் படம் பார்க்கும்போது பயன்படுவது பதிவிறக்க வேகம். நம் படத்தை அடுத்தவருக்கு அனுப்புவது பதிவேற்றம். பீரோவின் பின்னாலிருந்த வைஃபை ரூட்டரை வெளியே எடுத்து, அது இருக்கும் அறையிலேயே, கிட்டத்தில் வேகம் கூடுதலாகக் கிடைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் இணைந்தோம். அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் அமைப்பையும் அணைத்தோம். வெளியே மொபைல் டேட்டாவில் பேசும்போது போன் சில வேளை தமிழ்நாட்டு செல்போன் கோபுரத்துக்குத் தாவி இணைப்பை இழந்தது. வேறு மாநில நெட்வொர்க்கிலும் டேட்டா கிடைக்கச் செய்யும் டேட்டா ரோமிங்கை இயக்கியதும் அது சரியானது.

மாலையில் வேகம் இன்னமும் குறைகிறது. அப்போது சேலையைப் பகலிலேயே பதிவு செய்து வைத்த வீடியோவை எச்டி தரத்தில் அனுப்பிவிட்டு, விலையைக் குரல் அழைப்பில் பேசுகிறோம்.