என் வீடு எந்தக் கணக்கில் வந்தது?

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள் நான். முன்னோடிச் சுட்டிகள், அதாவது பொருளாதாரம் எந்தப் பக்கம் போகப் போகிறது என்பதை முன்கூட்டியே காட்டும் எண்கள், என்ற இடம் வந்தால் கரும்பலகையில் வருடாவருடம் ஒரே உதாரணத்தைத்தான் எழுதுவேன்: கட்டட அனுமதி. அமெரிக்காவில் புதிய வீடுகளுக்கான அனுமதி 2005 செப்டெம்பரில் ஆண்டுக்கு 22 இலட்சத்தைத் தாண்டும் வேகத்தில் இருந்தது. அங்கிருந்து இறங்கத் தொடங்கி 2009 தொடக்கத்தில் 5 இலட்சத்துச் சொச்சத்தில் வந்து விழுந்தது. அந்த நாட்டின் பொருளாதாரச் சரிவு தொடங்கியதாகக் கணக்கு வைத்திருப்பது 2007 டிசம்பரில். அதாவது, இரண்டு வருடம் முன்பே அனுமதிப் புத்தகத்துக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அங்கே கொன்பரன்ஸ் போர்ட் என்ற அமைப்பு மாதாமாதம் வெளியிடும் முன்னோடிச் சுட்டெண்ணின் பத்துக் கூறுகளில் இதுவும் ஒன்று. ஜோசியம் பலித்த மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு இந்த இடம் பிடிக்கும்.

2023இல் பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான். "எங்கட ஊரில ஆரு டீச்சர் அனுமதி எடுத்துட்டு வீடு கட்டுற?"

வகுப்பே சிரித்தது. "இது சோதனைக்கு வராது, இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அடுத்த வருடம் நானே அந்த அனுமதிக்கு அலைய வேண்டி வந்தது.

மட்டக்களப்பில் வீடு என்றால் பெண்பிள்ளைக்கு. நான் இருக்கும் வீடு அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. மூத்தவளுக்குக் கல்யாணம் பேசி முடிந்ததும் அது அவள் பெயருக்குப் போகும். நாங்கள் சின்னவளுக்குக் கட்டும் வீட்டுக்கு மாறுவோம். எங்கள் பக்கத்தில் இது ஊரறிந்த ஒழுங்கு, யாரும் விளக்கம் கேட்பதில்லை. சின்னவளுக்கென்று 14 பேர்ச்சஸ் காணி ஒன்றை அம்மா முன்பே வாங்கி விட்டிருந்தார். உறுதிக் காணி. கையில் கொஞ்சம் காசு, கொஞ்சம் நகை, கட்டாரில் இருக்கும் தம்பி தருவதாகச் சொன்ன தொகை. இவ்வளவையும் கூட்டினாலும் கூரை வரைக்கும் வராது. மிச்சத்துக்கு அரச உத்தியோகத்தர்களுக்கான ஆதனக் கடன்தான் வழி. வங்கியில் முதல் கேள்வியே அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இருக்கிறதா என்பதுதான்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: வங்கி கேட்டிராவிட்டால் நான் அனுமதி கொடுக்கும் உள்ளூராட்சி சபையின் படியே ஏறியிருக்க மாட்டேன். ஒழுங்கையில் எல்லோரும் செய்வதுபோல மேசனைக் கூப்பிட்டு, நாள் பார்த்து, வேலையைத் தொடங்கியிருப்பேன்.

எங்கள் மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி சபைகள் உண்டு. நான் போனது எந்தச் சபை என்பதைச் சொல்லப் போவதில்லை; இழுபட்டதில் பாதிக்கு மேல் என் பக்கத்துப் பிழை. அது உறுப்பினர்கள் இல்லாத காலம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரைக்கும் அதிகாரிகள்தான் எல்லாவற்றையும் நடத்தினார்கள். "மெம்பரைப் பிடித்தால் சுருக்கா நடக்கும்" என்று சொல்ல ஊரில் ஆளில்லாமல் போனது ஒரு விதத்தில் நிம்மதி.

2024 பெப்ரவரியில் விண்ணப்பப் படிவம் வாங்கினேன். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், படவரைஞர் கையெழுத்திட்ட வீட்டு வரைபடம், சோலைவரி, அதாவது காணிக்குச் சபைக்குக் கட்டும் வரி, கட்டிய பற்றுச்சீட்டு என்று கேட்டார்கள். வங்கிக்கென்று வீதிக்கோட்டுச் சான்றிதழும் உரித்துச் சான்றிதழும் தனியாக எடுக்க வேண்டும். எல்லாம் இரண்டு கிழமை வேலை என்று நினைத்தேன். சோலைவரியிலேயே வண்டி நின்றுவிட்டது. வெறுங்காணிதானே என்று வருடக்கணக்காக யாரும் கட்டவில்லை. பதிவிலும் காணி இன்னும் அம்மாவுக்கு விற்றவரின் பெயரில். பெயரை மாற்றி, நிலுவையைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கையில் எடுக்கும்போது சித்திரை வருடப் பிறப்பும் போய்விட்டது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பிள்ளை பெயரில் சும்மா கிடக்கும் காணி இருந்தால், முதலில் அந்தப் பெயரைப் போய்ப் பாருங்கள். வரைபடத்துக்குக் காசு கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கிடையில் அம்மா ஒரு வேலை பார்த்தார். வைகாசியில் நல்ல நாள் வருகிறது, விட்டால் ஆவணிதான் என்று சொல்லி, நிலையம் எடுக்கிறவரை, அதாவது சாத்திரப்படி வீட்டின் இடமும் அளவும் குறித்துத் தருகிறவரை, அழைத்து வந்து நாட்கல் வைத்துவிட்டார். ஒரு கல், கொஞ்சம் சாந்து, மேலே மஞ்சள் குங்குமம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணி பார்க்க வந்த அன்றைக்கு அவர் கண் நேராக அதில்தான் போய் நின்றது. "வேலை தொடங்கிட்டீங்களா டீச்சர்?" என்றார். "அது சாமிக்கு வைச்ச கல்லு தம்பி" என்றார் அம்மா. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, சிரித்துக்கொண்டே அளவு நாடாவை விரித்தார்.

காணியில் வீடு மூடும் பரப்பு, பின்பக்கம் விட வேண்டிய வெளி, வீதிக்கோட்டிலிருந்து தூரம் எல்லாம் சரியாக இருந்தது. பின்பக்கம் 2.3 மீற்றர் விட வேண்டும் என்றபோது அம்மாவுக்கு அவ்வளவு நிலம் வீணாகிறதே என்று கவலை. நான் சந்தோஷமாகவே இருந்தேன், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் வரைக்கும்.

அவர் காணிக்குள் நடக்கவே இல்லை. பின்வேலியடியில் போய் நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அடுத்த வளவு மாமியின் கிணறு. எங்கள் வரைபடத்தில் அந்தக் கிணறு இல்லை. படவரைஞர் எங்கள் எல்லைக்குள் இருப்பதை மட்டும் கீறியிருந்தார். நானும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்றார். அளந்து பார்த்தால் 38.

முதலில் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் பக்கம் மணல் தரை. மார்கழியில் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும். குழியில் விடுவது எந்தத் தடையும் இல்லாமல் மணலுக்குள்ளால் போகும். சின்ன வயதில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

குழியை முன்பக்கம் கொண்டுவந்தோம். குழி முன்னால் வந்தால் குழாய்க்குச் சரிவு போதாது, குளியலறையும் முன்னால் வர வேண்டும். அது வந்தால் சின்னவளின் அறை திரும்ப வேண்டும், அறை திரும்பினால் நிலையம் எடுத்தவர் சொன்ன அளவு பிழைக்கும். அவரை மறுபடி கூப்பிட்டு, அரை அடி கூட்டி, முக்கால் அடி குறைத்து, அம்மா சமாதானமாக ஒரு மாதம் பிடித்தது. புதிய வரைபடம், புதிய கையெழுத்து, மாதத்துக்கு ஒரு தடவை கூடும் திட்டமிடல் குழுவுக்கு மறுபடி காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பில்தான் பின்வாங்குப் பொடியனின் கேள்வி திரும்பி வந்தது. ஒருநாள் சபை விறாந்தை வாங்கில் என்னோடு ஏழு பேர் இருந்தோம், எல்லோர் கையிலும் கட்டட விண்ணப்பக் கோப்பு. பொழுது போகாமல் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். ஒருவர் மதில் கட்ட வந்தவர். இரண்டு பேர் காணியைப் பிள்ளைகளுக்குத் துண்டாட வந்தவர்கள். ஒரு முதலாளி, 2017இல் கட்டி முடித்துக் கடையும் நடத்தும் கட்டடத்துக்கு இப்போது அனுமதி எடுக்க வந்திருந்தார். கட்டிய பிறகு மேலதிகக் கட்டணம் கட்டி எடுக்கும் அதற்கு ஊரில் கவரிங் அப்ரூவல் என்று பெயர். அவருக்கும் வங்கிக் கடன்தான் காரணம். இன்னொருவர் வேறு ஆளுக்காகக் கோப்பைப் பிடித்திருந்தார். புது வீட்டுக்கென்று வந்தவர்கள் நானும் ஒரு நேர்ஸ் பிள்ளையும். இரண்டு பேரும் அரசாங்கச் சம்பளம், இரண்டு பேருக்கும் ஆதனக் கடன்.

கரும்பலகையில் நான் எழுதும் உதாரணத்தின்படி இந்த வாங்கு எங்கள் ஊரின் எதிர்காலத்தைச் சொல்ல வேண்டும். அது சொன்னது எட்டோ ஒன்பதோ மாதக் கடிதப் போக்குவரத்தையும், ஏழு வருடத்துக்கு முன்னர் எழும்பிய ஒரு கடையையும், யாரெல்லாம் வங்கிக்குப் போகிறார்கள் என்பதையும். அமெரிக்காவில் அனுமதி முதலில் வரும், வேலை பின்னால் வரும்; அதனால் அது முன்னோடி. எங்கள் ஒழுங்கையில் அத்திவாரம் ஒரு வருடம், சுவர் இரண்டு வருடம், தம்பி கட்டாரிலிருந்து அனுப்பும்போது கூரை. கடன் தேவைப்படும் அன்றைக்குத்தான் அனுமதி ஞாபகம் வரும்.

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது, வங்கி வட்டி 20 வீதத்துக்கு மேல் போனது, முந்தைய வருடம் ஆயிரம் ரூபாய் மட்டில் இருந்த சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியது. சம்பளக்காரர் யாரும் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதால் வெளிநாட்டிலிருந்து வரும் காசு ரூபாயில் பெருத்தது. அந்த வருடமும் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு எழும்பின. இரண்டும் வெளிநாட்டுக் காசு. இரண்டுக்கும் அனுமதி கிடையாது.

சரி, எண்ணிக்கை கூடினால் மட்டும் ஊர் செழித்தது என்று அர்த்தமா? 1978 சூறாவளிக்குப் பிறகும் 2004 சுனாமிக்குப் பிறகும் எங்கள் கரையில் எத்தனை வீடுகள் கட்டினார்கள். இழந்ததை எடுத்துக் கட்டிய வீடுகள் அவை. அதை வளர்ச்சி என்று யாராவது படிப்பித்தால் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மத்திய வங்கி நிர்மாணத் துறையைப் பற்றி எழுதும்போது சீமெந்து எவ்வளவு கிடைத்தது என்றும் பார்க்கிறது. எங்கள் மாதிரி ஊர்களுக்கு அது கொஞ்சம் கிட்ட வரும். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல சுட்டி மேசன்தான். கூப்பிட்ட மறுநாளே வந்து நின்றால் ஊரில் காசில்லை. "அடுத்த மாசம் பாப்பம் டீச்சர்" என்றால் எங்கோ காசு ஓடுகிறது. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வேளாண்மை வெட்டி நெல் விற்ற கையோடு எந்த மேசனும் கைக்கு அகப்பட மாட்டார்.

அனுமதி 2024 நவம்பர் நடுவில் வந்தது. ஒரு வருடத்துக்குச் செல்லுபடி, தேவையென்றால் நீடிக்கலாம். கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாத முடிவில் வெள்ளம். காணியில் முழங்கால் மட்டும் தண்ணீர், அம்மாவின் நாட்கல் எங்கே என்று தெரியவில்லை. அந்த வருடப் புள்ளிவிபரத்தில் என் வீடு ஒன்றாக ஏறியிருக்கும். ஒரு செங்கல்கூட இறங்கவில்லை.

பொங்கல் கழித்து அத்திவாரம் வெட்டினோம். மேசன், நான் சொன்னதுபோலவே, மூன்று கிழமை கழித்துத்தான் வந்தார். அத்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, சுவர் முடிந்ததும் ஒரு பகுதி என்று வங்கி விடுவித்தது. ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்தவர் கையில் அந்த வரைபடம் இருந்தது. குளியலறை முன்னால் இருப்பதைப் பார்த்து எல்லோரும் ஒருதரம் புருவத்தை உயர்த்துவார்கள். அடுத்த வளவு மாமி, குழி வெட்டிய அன்றைக்கு வேலியால் ஒரு குடம் தண்ணீர் கொடுத்துவிட்டார், வேலையாட்களுக்குத் தேத்தண்ணிக்கு.

பொடியன் சோதனை எடுத்து முடித்துவிட்டான். அவனுடைய மாமா மேசன் வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இப்போது பிளேட், அதுதான் கொங்கிரீட் கூரை, போட்டாயிற்று. அனுமதித்தபடியே கட்டியிருக்கிறோம் என்று சபை தரும் இணக்கச் சான்றிதழுக்கு எழுதிப் போட வேண்டும், பூச்சு வேலை முடியட்டும் என்று இருக்கிறேன். நாலு மூலையிலும் மேல்மாடிக்கென்று கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறோம், துருப்பிடிக்காமல் மேசன் சீமெந்துப் பால் பூசிவிட்டார். மேல்மாடி யாருக்கு என்று அம்மாவைக் கேட்டேன். "பேத்திக்குப் பொம்புளப் புள்ள பிறந்தா?" என்றார்.