ஏழு, ஏழு, ஆறு

2019 நவம்பரில் டொராண்டோவில் வந்து இறங்கியபோது என் இரண்டு பெட்டிகளின் கைப்பிடியிலும் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டில் மூன்று எழுத்துகள் பெரிதாக அச்சாகியிருந்தன. ஒய், ஒய், இசட். இந்த ஊர் விமான நிலையத்தின் குறியீடு அது. வாடகைக்கு எடுத்த பேஸ்மென்ட் அறையில் அலமாரி இல்லை, பெட்டிதான் அலமாரி. அதனால் பெட்டியும் சீட்டும் பல மாதம் அப்படியே கட்டில் ஓரமாகக் கிடந்தன. அந்த மூன்று எழுத்துகளுக்கு ஒரு தாளம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அறை ஸ்கார்பரோவில், வார்டன் சாலையும் ஃபின்ச் சாலையும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில். மேலே வீட்டுக்காரர்கள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். வந்த வாரமே வேலைக்குத் தேவையான சின் நம்பர் வாங்கினேன், பஸ்ஸில் போகப் பிரெஸ்டோ கார்டு வாங்கினேன், தடித்த கோட்டு வாங்கினேன். சென்னையில் பதினோரு வருடம் கணக்கு எழுதியவனுக்கு இங்கே போன இடமெல்லாம் ஒரே கேள்வி: கனடிய அனுபவம் உண்டா? கடைசியில் வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் மாலை ஷிப்ட் கிடைத்தது. மூன்று மணிக்குப் போனால் இரவு பதினொன்றரைக்கு முடியும்.

ஒன்றை மட்டும் கொண்டுவர முடியவில்லை. கும்பகோணத்தில் எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை மிருதங்கம் கற்றுக்கொண்டேன். அந்த மிருதங்கத்தைத் தங்கை வீட்டுப் பரணில் வைத்துவிட்டு வந்தேன். பெட்டிக்கு 23 கிலோ என்ற கணக்கில் அதற்கு இடமில்லை. பல வருடம் தொடாமல் இருந்த வாத்தியம்தான். ஆனால் ஊரைவிட்டு வந்த பிறகு, ராத்திரி தூக்கம் வராதபோது விரல்கள் தானாகப் போர்வை மேல் பாடம் சொல்லிக்கொண்டிருந்தன.

2020 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. கிடங்கில் லாரிகள் வந்து நிற்கும் பக்கம் எப்போதும் ஒரு பழைய ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். அன்று மாலை எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் ஃபோர்க்லிஃப்டை நடுவழியிலேயே நிறுத்திவிட்டு ரேடியோவுக்கு முன்னால் போய் நின்றார். அறுபதை நெருங்குகிறவர், கிரேக்கத்திலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஷ் என்ற ராக் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் இறந்துவிட்டார் என்று செய்தி. இறந்தது மூன்று நாள் முன்பு, ஜனவரி 7 அன்று. மூளைப் புற்றுநோய், வயது 67. மூன்றரை வருடம் அந்த நோயோடு இருந்திருக்கிறார். நெருங்கியவர்கள் அதை வெளியே விடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"யார் அவர்?" என்று கேட்டேன். அந்த ஊரில், அந்த மாலையில் கேட்கக்கூடாத கேள்வி. அவர் கோபப்படவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தன் இயர்போனை என்னிடம் கொடுத்தார். "இதிலிருந்து ஆரம்பி" என்றார். 1981இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் இருக்கும் பாட்டு. வரிகளே கிடையாது, வெறும் வாத்தியம். பெயர் 'ஒய்ஒய்இசட்'. என் பெட்டிச் சீட்டில் இருந்த அதே மூன்று எழுத்துகள்.

விமானிகளுக்கு வழிகாட்டும் கருவி, விமான நிலையத்தின் குறியீட்டை மோர்ஸ் ஒலியில், அதாவது நீண்டும் குறுகியும் வரும் ஒலிகளில், திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ஊர் திரும்பும்போது அதைக் கேட்டுத்தான் இந்தப் பாட்டின் தொடக்கத் தாளத்தை எடுத்தார்கள். மோர்ஸில் ஒய் என்பது நெடில், குறில், நெடில், நெடில். இசட் என்பது நெடில், நெடில், குறில், குறில். இதைச் சூப்பர்வைசர் மேசையில் தட்டிக் காட்டினார். நான் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்று வைத்து எண்ணிப் பார்த்தேன். ஏழு, ஏழு, ஆறு. கூட்டினால் இருபது. நான்கு மாத்திரை கொண்ட ஐந்து அட்சரம். அதாவது சதுஸ்ர நடையில் கண்ட ஜாதி ஏக தாளம், ஓர் ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று! தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரலிலிருந்து நான்கு விரல் எண்ணிக்கை, வாயில் சொற்கட்டு:

தகிட தகதிமி
தகிட தகதிமி
தகதிமி தக

சரியாகச் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழுந்தது. மூன்று முறை சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அது என்ன மொழி?" என்று கேட்டார். டொராண்டோவில் வந்து இறங்கி இரண்டு மாதத்தில், எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அந்த மேசையில் தினமும் இதே பேச்சு. ரஷ் ரசிகர்கள் சண்டை போடுவதைக் கேட்கவேண்டும். சூப்பர்வைசர் 1976ஆம் ஆண்டின் ஆள். அதற்கு முந்தைய ஆல்பம் விற்கவில்லை, இனி நீளமான பாட்டெல்லாம் வேண்டாம், சின்னச் சின்னதாகப் போடுங்கள் என்று இசை நிறுவனம் நெருக்கியது. இவர்களோ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிடத்துக்கு, '2112' என்ற ஒரே கதையை வாசித்து வைத்தார்கள். எதிர்கால உலகம், எல்லாவற்றையும் பூசாரிகள் ஆள்கிறார்கள், ஒருவனுக்குப் பழைய கிட்டார் ஒன்று கிடைக்கிறது, அதைக் கொண்டுபோய்க் காட்டுகிறான், அவர்கள் நொறுக்கிவிடுகிறார்கள். அந்த ஆல்பம்தான் குழுவைக் காப்பாற்றியது. "அன்றைக்குப் பயந்திருந்தால் பின்னால் வந்த எதுவுமே வந்திருக்காது" என்பார் சூப்பர்வைசர். ட்ரீம் தியேட்டர் போன்ற குழுக்கள் இவர்கள் போட்ட பாதையில் வந்தவைதான் என்று பட்டியல் போடுவார்.

பில்லிங் பிரிவில் இருக்கும் டிரினிடாட் அம்மாவுக்கு எண்பதுகளின் கீபோர்டு காலம்தான் உயிர். 1982இல் வந்த 'சிக்னல்ஸ்' ஆல்பத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். கீபோர்டு வந்து அலெக்ஸ் லைஃப்சனின் கிட்டாரைப் பின்னால் தள்ளிவிட்டது என்பது சூப்பர்வைசர் கட்சி. இல்லை, இடைவெளி விட்டு வாசிக்க அதுதான் கிட்டாருக்குக் கற்றுக்கொடுத்தது என்பது அவர் கட்சி. நான் அந்த அம்மாவின் பக்கம். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'சப்டிவிஷன்ஸ்', ஏழு ஏழாக நடக்கிற தாளம். எங்கள் மிஸ்ர சாப்பு. புறநகரின் ஒரே மாதிரி வீடுகளுக்கு நடுவே தனியாகிப்போன பிள்ளைகளைப் பற்றிய பாட்டு. அதன் வீடியோவில் வரும் பள்ளிக்கூடம் லமரோ உயர்நிலைப் பள்ளி. என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம். அதைக் கேள்விப்பட்ட மறுநாள் காலை பனியில் அங்கே போய் வேலி ஓரமாக நின்று அந்தப் பாட்டைக் கேட்டேன். அதுவரை அது நான் பஸ்ஸுக்குப் போகும் வழியில் இருக்கிற ஏதோ ஒரு கட்டடம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 39ஆம் நம்பர் ஃபின்ச் ஈஸ்ட் பஸ்ஸில் ஏறி மேற்கே கடைசி நிறுத்தம் வரை போனேன். அங்கே இறங்கினால் வில்லோடேல். குழுவில் பாடி, பேஸ் கிட்டார் வாசிக்கும் கெடி லீயும் லைஃப்சனும் வளர்ந்த பகுதி, சூப்பர்வைசர் வளர்ந்ததும் அங்கேதான். 1968 செப்டம்பரில் அங்கே ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்டில்தான் குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இப்போது அந்த இருவரின் பெயரில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது, 2016இல் திறந்தது. பெஞ்சில் பனி மூடிக் கிடந்தது. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பெயர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். லைஃப்சனின் இயற்பெயர் அலெக்சாண்டர் ஷிவோயினோவிச். பெற்றோர் செர்பியர்கள். அந்தக் குடும்பப் பெயரின் பொருளையே ஏறக்குறைய ஆங்கிலமாக்கி மேடைப்பெயராக வைத்துக்கொண்டார். கெடி லீயின் பெயர் கேரி. போலந்து யூதரான அவர் அம்மாவின் உச்சரிப்பில் 'கேரி' என்பது 'கெடி' என்று விழுந்தது. நண்பர்கள் அதையே கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே சட்டப்படியான பெயரும் ஆனது. கிடங்கில் என் பெயரின் ழகரம் யார் வாயிலும் நுழையாது. நான் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு தாயின் நாக்கு அவளுடைய சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த ஓசையை மகன் தன் பெயராகவே உலகம் முழுக்கச் சுமந்திருக்கிறான் என்று தெரிந்தபோது அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

எங்கள் மேசையில் இன்னொருவர் உண்டு. யாழ்ப்பாணத்து அண்ணை, பேக்கிங் பகுதி. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். பேச்சு சூடாகும்போதும் அவர் பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் 1984ஆம் ஆண்டு 'ரெட் செக்டர் ஏ' பாட்டைப் பற்றிச் சொன்னார். கெடி லீயின் அம்மாவும் அப்பாவும் நாஜிகளின் முகாம்களிலிருந்து உயிரோடு வந்தவர்கள். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமை பிரிட்டிஷ் படை விடுவித்தபோது அந்த அம்மா அங்கே இருந்தார். வெளியே உலகம் என்று ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதையே அவரால் நம்ப முடியவில்லையாம். அப்படி இருந்திருந்தால் இத்தனை நாள் யாராவது வந்திருக்கமாட்டார்களா என்ற எண்ணம். மகன் சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் நீல் பியர்ட் வரிகளை எழுதினார். அந்தப் பாட்டில் கெடி லீ பேஸ் கிட்டாரைத் தொடவேயில்லை, கீபோர்டு மட்டும்தான். அந்த அம்மா பிறகு கனடா வந்தார். கணவர் இறந்தபோது மகனுக்குப் பன்னிரண்டு வயது. நியூமார்க்கெட் என்ற ஊரில் கடையைத் தானே நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். பிறகு கடைக் கண்ணாடியில் மகனுடைய குழுவின் போஸ்டர்களை ஒட்டி வைத்தாராம்.

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "தம்பி, நான் 87ல ரொறன்ரோவுக்கு வந்தனான். வந்த புதுசில ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினனான். அங்க குசினியில இந்தப் பாட்டைப் போடுவாங்கள். இங்கிலிஷ் ஒரு சொல் விளங்காது. ஆனா என்னவோ எங்கட கதைதான் போகுது எண்டு நெஞ்சு சொல்லும். இப்பதான் விளங்குது."

சூப்பர்வைசருக்கு நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து போய் அண்ணையின் தோளில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்று அதற்கு மேல் யாரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எங்கள் வேலை நிற்கவில்லை, மேசைதான் போயிற்று. ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம். அறையில் இருந்த நேரத்தில் நீல் பியர்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இரண்டு விஷயங்களில் ஒன்று, பதினெட்டு வயதில் டிரம்மராக ஆகவேண்டும் என்று லண்டனுக்குப் போனது. அங்கே வாய்ப்பு கிடைக்காமல் ஒரு நினைவுப்பொருள் கடையில் வேலை பார்த்தார். பிறகு செயின்ட் கேதரின்ஸ் ஊருக்குத் திரும்பி, அப்பாவின் விவசாய இயந்திரக் கடையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரஷ் குழுவில் சேரும் 1974 வரை அதுதான் வேலை. உதிரிபாகம்! அதைப் படித்த இரவு கிடங்கில் ஒவ்வொரு பெட்டியையும் வேறு மாதிரி எடுத்து வைத்தேன்.

இன்னொன்று அதைவிடப் பெரியது. உலகமே அவரை ஆசானாகக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 1994இல் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். குச்சியைப் பிடிக்கும் விதத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சொல்வதென்றால், தனி ஆவர்த்தனத்துக்குக் கூட்டம் காத்திருக்கும் ஒரு வித்வான் மறுபடி 'த தி தொம் நம்' சொல்ல உட்கார்ந்த மாதிரி. எனக்கு அப்போது முப்பத்தெட்டு. இனி என்ன என்று பரணில் போட்டுவிட்டு வந்தவன் நான்.

2022இல் தங்கையின் மாமனார் மாமியார் கனடா வந்தபோது மிருதங்கத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு பக்கத் தோல் குளிரில் இழுத்துக்கொண்டது. ஸ்கார்பரோவிலேயே ஓர் ஆசிரியர் கிடைத்தார், சனிக்கிழமை காலை வகுப்பு. பத்து வயதுப் பிள்ளைகள் நான்கு பேரோடு உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தேன்.

2025 அக்டோபரில் கெடி லீயும் லைஃப்சனும் மறுபடி மேடை ஏறப்போவதாக அறிவித்தார்கள். டிரம்ஸில் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லஸ். மேசையில் பழைய சண்டை திரும்பியது. அந்த இடத்தில் இன்னொருவர் உட்காரலாமா? ஓய்வு பெற்றுவிட்ட சூப்பர்வைசரைத் தொலைபேசியில் பிடித்தோம். வெகுநேரம் யோசித்துவிட்டு, "நீல் பாட்டை எழுதி வைத்ததே யாராவது வாசிக்கத்தானே" என்றார். டிரினிடாட் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை, இன்னமும் ஒப்பவில்லை. எனக்குச் சூப்பர்வைசர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. பாடாந்தரம் அப்படித்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்திருக்கிறது.

இப்போது அவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருகிறார். அண்ணையும் வருவார், மீன் கட்லட் கொண்டுவருவார். சூப்பர்வைசருக்குத் தொடையில் தாளம் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாயில் தகிட தகதிமி நன்றாகவே வருகிறது, விரல்தான் பின்தங்குகிறது. போன வாரம் நான் மிருதங்கத்தில் ஏழு, ஏழு, ஆறு வாசிக்க அவர் தாளம் போட்டார். இரண்டு ஆவர்த்தனம் சரியாக வந்தது. மூன்றாவதில் மோதிர விரலில் தடுமாறினார். அண்ணை "திரும்ப, திரும்ப" என்றார். மறுபடி தட்டிலிருந்து ஆரம்பித்தோம்.