வாத்துச் சுட ஒரு பெட்டி டிவி

பழைய வீடியோ கேம்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் இப்போது போனிலேயே வந்துவிட்டதே, எதற்கு இந்த ஒயர்க் குப்பை?" நியாயமான கேள்வி. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று போனில் கைதவறி எடுக்கும் தரையின் புகைப்படம்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு சிறிய சரக்கை எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம்; ஓட்டுகிறார்கள், ஓட்டட்டும். பழைய விளையாட்டுப் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் விளையாடுவதைப் பாவம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான கேம்களை அடைத்து விற்கும் கையடக்கக் கருவி ஒன்று என்னிடமும் இருக்கிறது. அதில் நான் அதிகம் விளையாடியிருப்பது மெனுவைத்தான். பட்டியலை மேலே தள்ளி, கீழே தள்ளி, இதுவா அதுவா என்று யோசித்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

ஆனால் போனில் வராதது ஒன்று இருக்கிறது. அதை விடுமுறைக்கு வந்த அக்கா மகன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து வெளியே இழுத்தான்.

"மாமா, இந்தத் துப்பாக்கி எதைச் சுடும்?"

"வாத்தை."

"எந்த வாத்தை?"

பதில் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம் என்று நினைத்தேன். டிவியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டியையும் அதில் செருகும் கேசட்டையும் தேடி எடுத்தோம். கேசட்டின் மேலே 9999 விளையாட்டுகள் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ரகம் அது. உள்ளே இருப்பவை சில. மீதியெல்லாம் அவையேதான், வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். பையன் பட்டியலில் கொஞ்ச தூரம் போய்விட்டு, "இது ஏமாற்று வேலை இல்லையா?" என்று கேட்டான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இதைக் கண்டுபிடிக்க ஒரு கோடை விடுமுறையே தேவைப்பட்டது. இந்தத் தலைமுறை வேகமாகத்தான் இருக்கிறது.

அதற்கு முன்பு கேசட் ஓடவே மறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இணையக் காணொளிகளில் தேறியவனான பையன் உடனே கேசட்டை வாயருகே கொண்டுபோய்க் கன்னத்தை உப்பினான். பாய்ந்து பிடுங்கினேன். உலகம் முழுவதும் பிள்ளைகள் ஊதித்தான் கேசட்டைச் சரிசெய்தார்கள் என்பது உண்மை. ஊதியதால்தான் சரியானது என்பது கட்டுக்கதை. கழற்றி மறுபடி செருகும்போது தகடுகள் வேறு இடத்தில் பதிந்து இணைப்புக் கிடைத்துவிடும், அவ்வளவுதான். வாயிலிருந்து போகும் ஈரம் அந்தத் தகடுகளை மெல்ல மெல்ல அரிக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, வரிசையாக நிற்கும் பித்தளை நிறத் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. பையன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எத்தனை வருஷத்து அழுக்கு?" என்று மரியாதையோடு கேட்டான்.

அடுத்து சுவரில் தொங்கும் புது டிவி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளைச் செருக அதன் முதுகில் இடமே இல்லை. அதற்கென்று நடுவில் ஒரு சிறு மாற்றுப் பெட்டி, அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க இன்னொரு ஒயர். எல்லாம் பூட்டி டிவியை இயக்கினோம். அது எங்களை வரவேற்றது. பிறகு புதிய மென்பொருள் வந்திருப்பதாகச் சொன்னது. பிறகு நிபந்தனைகள் மாறியிருப்பதால் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி கேட்டது. பையன் ஒரு வரியும் படிக்காமல் ஒப்புக்கொண்டான். எங்கள் வீட்டின் சார்பாக எதில் கையெழுத்திட்டான் என்று இன்றுவரை தெரியாது. இத்தனை நேரமும் அந்தப் பழைய விளையாட்டுப் பெட்டி, ஸ்விட்சைத் தட்டிய கணத்திலேயே விளையாடத் தயாராகி, சிவப்பு விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்தது.

புதுக் கருவிகள் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. கையடக்கக் கருவிகளுக்கெல்லாம் யூஎஸ்பி-சி சார்ஜரே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதியில் கட்டாயமாக்கியதே, அதற்கு ஒரு பெரிய கும்பிடு. என் மேசை இழுப்பறையைத் திறந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் விளக்கைப் போடுவதற்கு ஒரு செயலி, அந்தச் செயலிக்கு ஒரு கணக்கு, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் இருட்டு என்பதெல்லாம் எந்த ஊர் முன்னேற்றம்?

சரி, படம் வந்தது. சதுரத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் இருந்த பழைய படத்தை அகலத் திரை தன் இஷ்டத்துக்கு இழுத்துவிட்டதால் மாரியோ நன்றாகச் சதை போட்டிருந்தார். போன் விளையாட்டுகளில் சூரனான பையன் முதலில் வரும் காளான் பூதத்திடமே செத்துப்போனான். மறுபடியும் அதே பூதம், அதே சாவு. "நான் குதிக்கிறேன் மாமா, அவர்தான் குதிக்கவில்லை" என்றான். உண்மைதான். விளையாட்டு நொடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. புது டிவியோ வரும் படத்தை வாங்கி, சீவிச் சிங்காரித்து, அழகாயிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் வெளியே விடும். அதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் ஆறு படங்கள் பின்னால் போய்விடுகின்றன. பூதத்துக்கு ஆறு படங்கள் தாராளம். டிவியின் அமைப்புகளுக்குள் புகுந்து, சிங்காரிப்பைக் குறைக்கும் கேம் மோடை இயக்கினேன். மாரியோவுக்குச் சுறுசுறுப்பு வந்தது, சதை குறையவில்லை.

பிறகு வாத்து. 1984-இல் நின்டெண்டோ வெளியிட்ட டக் ஹன்ட். புல்லுக்குள்ளிருந்து வாத்து எழும்பிப் பறக்கும், சுட வேண்டும், தவறவிட்டால் ஒரு நாய் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். பையன் ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து விசையை இழுத்தான். உள்ளே இருக்கும் சுருள்வில் 'டணக்' என்று அதிர்ந்தது. வாத்து பறந்துகொண்டே இருந்தது. சுட்டான், சுட்டான், சுட்டுக்கொண்டே இருந்தான். நாய் எழுந்து சிரித்தது. துப்பாக்கியின் நுனியை வாத்தின் மேலேயே வைத்துச் சுட்டான். நாய் எழுந்து சிரித்தது.

"துப்பாக்கி கெட்டுப்போய்விட்டது" என்று தீர்ப்புச் சொன்னான்.

கெடவில்லை. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே வருவதே இல்லை. அதன் வேலை பார்ப்பது மட்டும். குழலுக்குள் ஒரு சிறு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் ஒரு துண்டு. விசையை இழுத்ததும் விளையாட்டு முழுத் திரையையும் ஒரு கணம் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். துப்பாக்கி அந்தக் கணத்தில் வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். இரண்டு வாத்துகள் என்றால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எப்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று கணக்காகும். மேலே எரியும் விளக்கை நோக்கிச் சுட்டு ஏமாற்றலாமே என்று பையன் உடனே கேட்டான். அதற்குத்தான் முதலில் அந்தக் கறுப்பு: இருட்டாக இருக்க வேண்டிய கணத்தில் வெளிச்சம் தெரிந்தால் திருட்டு என்று விளையாட்டுக்குத் தெரிந்துவிடும். 1984-இல் இருந்த ஆட்கள் இவனைப் போன்றவர்களை எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு முழுக்கப் பழைய பெட்டி டிவியை நம்பி நிற்கிறது. அதன் படக்குழாய்க்குப் படத்தைச் சேமித்து வைக்கும் பழக்கம் கிடையாது. சிக்னல் வர வர, மேலிருந்து கீழே கோடு கோடாக அப்படியே எழுதிவிடும். புது டிவி அந்த வெள்ளைக் கட்டத்தைச் சிங்காரித்துக் காட்டும்போது விளையாட்டு பார்த்து முடித்து, நாயைக் கூப்பிட்டிருக்கும். போதாததற்கு, படக்குழாயின் அந்தத் துடிப்பை மட்டுமே ஏற்கும்படி துப்பாக்கிக்குள் ஒரு வடிகட்டிச் சுற்று வேறு. ஆக, வாத்து விளையாட்டின் பாதி கேசட்டில் இருக்கிறது. மறுபாதி நாம் எல்லோரும் வெளியே தூக்கிப்போட்ட டிவியில் இருந்தது. கேசட்டைத் தங்கம் போலப் பாதுகாக்கும் சேகரிப்பாளர்கள் டிவியை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு பெட்டி டிவி நெடுநாளாகப் பூந்தொட்டி தாங்கிக்கொண்டிருந்தது. கேட்டதும் அவர் கண்ணில் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும். நான் மனம் மாறுவதற்குள் தொட்டியை இறக்கி, துடைத்து, கதவு வரை தாமே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இந்த டிவிகளைத் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கனம் முழுவதும் முன்னால் இருக்கும் தடித்த கண்ணாடியில்தான். திரையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்படி நான் உள்ளே வந்தபோது என் மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"ஒரு டிவி சுவரில் இருக்கிறது" என்றாள்.

"அதில் வாத்தைச் சுட முடியாது."

"அதனால்தான் அதை வாங்கினோம்."

பேச்சுவார்த்தையின் முடிவில் பின்னறையின் மூலை கிடைத்தது, பையனின் விடுமுறை முடியும்வரை மட்டும்.

இயக்கியதும் திரை 'தொம்' என்று அதிர்ந்து விழித்தது. கண்ணாடியின் அருகே பையன் கையை நீட்டினான். முன்கை மயிர் அத்தனையும் எழுந்து நின்றது. வாயைப் பிளந்தான். பிறகு முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினான்.

"இது ஏன் கத்துகிறது?"

"யார் கத்துகிறார்கள்?"

"டிவி. கீ... என்று."

ஒலியைச் சுத்தமாகக் குறைத்தேன். இன்னும் கத்துகிறது என்றான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மனைவியை அழைத்தேன், அவளுக்கும் கேட்கவில்லை. பையன் நாடகமாடுகிறான் என்பது அவள் முடிவு. சோதித்துவிடலாம் என்று அவனைக் கூடத்துக்கு அனுப்பி, கதவைச் சாத்தி, ஒலியில்லாமல் டிவியைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். "போட்டாச்சு... அணைச்சாச்சு... போட்டாச்சு" என்று கூடத்திலிருந்து பிசகாமல் குரல் வந்தது.

அவன் சொன்னது சரி. இந்த டிவிகள் நொடிக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளை வரைகின்றன. அதே வேகத்தில் உள்ளே ஒரு மின்மாற்றி அதிர்ந்து கீச்சிடும். ஐரோப்பிய முறையில் 15,625. அமெரிக்க, ஜப்பானிய முறையில் 15,734. சிறுவயதில் எனக்கும் அது கேட்டிருக்கிறது. தெருவில் போகும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறேன். வயது ஏற ஏறக் காது முதலில் கைவிடுவது இந்த உச்ச ஒலிகளைத்தான். மனைவிக்கு இதை விளக்கினேன். "ஆக, உங்களுக்கு வயதாகிவிட்டது" என்றாள். அவளுக்கும்தான் கேட்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டும் அளவுக்கு நான் புதிதாகக் கல்யாணம் ஆனவன் இல்லை.

பையன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தான். குறிபார்த்தான். 'டணக்.' வாத்து விழுந்தது. நாய் அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டியது. அதன்பின் அந்த அறையில் வேறு ஒலி இல்லை. சற்று நேரத்தில், சொல்லிக்கொடுக்காமலேயே, நாங்கள் அந்நாளில் கண்டுபிடித்த அதே உத்தியை அவனும் கண்டுபிடித்தான்: எழுந்து போய்க் குழலைக் கண்ணாடியின் மேல் ஒட்டவைத்துச் சுடுவது. உட்காரச் சொன்னால், "விதியில் எங்கே எழுதியிருக்கிறது?" என்றான்.

சத்தம் என்னவென்று பார்க்க அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொடர்ந்து வாத்து விழுவதைப் பார்த்தவர் முகம் சரியில்லை. "பாவம், அது இவனை என்ன செய்தது?"

இந்த விளையாட்டில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் சுடும்போது இன்னொருவர் கன்ட்ரோலரை வைத்து வாத்தைப் பறக்கவிடலாம். கன்ட்ரோலரை அம்மாவின் கையில் கொடுத்து, அம்புக்குறிப் பொத்தானைக் காட்டினேன். இதுவரை எந்தக் கேமையும் தொட்டிராதவர். முதல் வாத்து தடுமாறி விழுந்தது. அடுத்ததை அவர் ஒரு மூலைக்குக் கொண்டுபோய், பையன் குழலைத் திருப்பும் கணத்தில் சட்டென்று எதிர்ப்பக்கம் வெட்டினார். மூன்று குண்டும் வீண். வாத்து மேலே பறந்து போனது. நாய் எழுந்து பையனைப் பார்த்துச் சிரித்தது. நாயைவிடச் சத்தமாக அம்மா சிரித்தார்.

"பாட்டி, நீங்கள் அதை விழ விட வேண்டும்!"

"ஏன் விட வேண்டும்? விதியில் எங்கே எழுதியிருக்கிறது?"

அன்றிலிருந்து பின்னறையில் வாத்து சாவது அரிதாகிவிட்டது. டிவி எப்போது வெளியே போகிறது என்று மனைவி கேட்டால், "இருக்கட்டுமே, மூலையில்தானே இருக்கிறது" என்று அம்மாவின் பதில்தான் முதலில் வருகிறது. பையன் காதில் பஞ்சும் கையில் துப்பாக்கியுமாக, பாட்டியைத் தோற்கடிக்க இணையத்தில் வழி தேடிக்கொண்டிருக்கிறான். கன்ட்ரோலர் வாத்தைக் கட்டுப்படுத்துவது ஒற்றை வாத்து ஆட்டத்தில் மட்டும்தான்; இரட்டை வாத்து ஆட்டத்தில் பாட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. மெனுவில் அது இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. அவனாகக் கண்டுபிடிக்கட்டும், நான் அம்மா கட்சி.