நான்கு தட்டல்களுக்குப் பிறகு

‘லைன் ஆஃப் டியூட்டி’ என்ற பிரிட்டன் காவல்துறைத் தொடரின் ஆறாம் பருவத்தை, பணி ஓய்வு பெற்ற என் அப்பாவுடன், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். முதல் முறை அதன் கடைசி அத்தியாயம் தந்த ஏமாற்றம் இம்முறை கொஞ்சமாவது தணியும் என்று நம்பியிருந்தேன்; தணியவில்லை. ஆனால் எதனால் அந்த ஏமாற்றம் என்பது அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. முடிவை வெளிப்படையாகச் சொல்லித்தான் எழுதப்போகிறேன்.

ஜெட் மெர்குரியோ எழுதி 2012-இல் பிபிசியில் தொடங்கிய இத்தொடர், காவல்துறைக்குள் இருக்கும் ஊழல்வாதிகளைத் தேடும் ஏசி-12 என்ற பிரிவைப் பற்றியது. அப்பிரிவின் அதிகாரிகளான ஹேஸ்டிங்ஸ், ஆர்னட், ஃபிளெமிங் ஆகிய மூவரும், குற்றக் கும்பலுக்கு உள்ளிருந்தே உதவும் ‘எச்’ யார் என்று பருவம் பருவமாகத் தேடுகிறார்கள். அதற்கு விடை சொன்ன அத்தியாயம் 2021 மே 2 அன்று ஒளிபரப்பானது. பிரிட்டனில் அன்றிரவு அதைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 28 லட்சம் பேர். நம் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் வாக்குகளை எண்ணிய நாளும் அதுதான். எங்கள் வீட்டில் அன்று நள்ளிரவு வரை செய்தியைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை என்பதால், நான் பல வாரங்கள் கழித்தே அதைப் பார்த்தேன்.

அப்பா காவல் நிலையத்தில் ரைட்டராகப் பல ஆண்டுகள் இருந்தவர். எஃப்ஐஆரும் மகஜரும் வாக்குமூலமும் எழுதி எழுதித் தேய்ந்த விரல்கள் அவருடையவை. மூன்றாம் பருவத்தின் இறுதியில், ஃபிளெமிங்கைக் காப்பாற்றக் குண்டைத் தன் மேல் வாங்கிக்கொண்ட காட்டன் (ஏசி-12-க்குள்ளேயே இருந்துகொண்டு கும்பலுக்கு உழைத்த அதிகாரி), சாகும் தறுவாயில் அவளிடம் மரண வாக்குமூலம் தருவான். அவன் விரல்கள் நான்கு முறை தட்டியது, மோர்ஸ் குறியீட்டில் ‘எச்’ என்ற எழுத்து என்றும், கூட்டாளிகள் நால்வர் என்பதையே அவன் உணர்த்தினான் என்றும் பின்னர் ஐந்தாம் பருவத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அந்த இடத்தில் அப்பா படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கட்டில் சட்டத்தில் நான்கு முறை தட்டிப் பார்த்தார். கழுத்து அறுபட்டுப் பேச முடியாமல் கிடந்த ஒரு பெண் கையசைவால் சொன்ன பதில்களை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1885-லேயே மரண வாக்குமூலமாக ஏற்றுக்கொண்டதை, பயிற்சிக் காலத்தில் படித்த பாடம் போல எனக்கு எடுத்துச் சொன்னார். சாகிறவனின் சைகையைக்கூட வீணாக்காத கதை என்று அவருக்கு அத்தொடர் மேல் அன்றே பெரிய மதிப்பு வந்துவிட்டது.

அடுத்த தடயம் அவருக்கு இன்னும் பிடித்தது. ‘எச்’ அனுப்பும் செய்திகளில் ‘டெஃபினட்லி’ என்ற ஆங்கிலச் சொல் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்துப் பிழையோடு, ‘ஐ’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ என்று வரும். இதைக் கேட்டதும் அப்பா ஒரு பழைய மொட்டைக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் மேல் பொய்ப்புகார் சொல்லி வந்த அந்தக் கடிதத்தில் ‘வருகிறார்’ என்பது எங்கும் ‘வருகிரார்’ என்றே இருந்ததாம். நிலையத்தில் கிடந்த மனுக்களைப் புரட்டியபோது வேறொரு மனுவில் அதே ‘ரா’ கிடைத்திருக்கிறது. ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்களாம். பாதியில் அழுதுவிட்ட அந்த மனிதர், வேலித் தகராறில் தொடங்கிப் பத்து வருடப் பகையைச் சொல்லி முடிக்கும்போது இருட்டிவிட்டதாம்.

கடைசி அத்தியாயத்தில் இல்லாமல் போனது அந்தப் பொழுதுதான். அங்கும் பிழை ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. கதவு திறந்து உள்ளே வருகிறவன், முதல் பருவத்திலிருந்தே திறமையற்ற அதிகாரியாக நாம் பார்த்து வந்த இயன் பக்கெல்ஸ். அவன் சூத்திரதாரியும் அல்ல. பணத்துக்காகக் கும்பலின் உத்தரவுகளைக் கைமாற்றியவன். இப்படிப்பட்ட ஒருவன் ‘எச்’ ஆக இருந்ததில் எனக்குக் கோபமில்லை. திறமையில்லாதவன் மேலே மேலே போவதும், அவனை யாரும் சந்தேகிக்காததும் நாம் அறியாத உலகமல்ல. அந்தத் துணிச்சலுக்காக மெர்குரியோவைப் பாராட்டுகிறவர்களுடன் நான் உடன்படுகிறேன். ஆனால் ஒலிப்பதிவுக் கருவியின் அந்த நீண்ட ஓசைக்குப் பிறகு, ஒரு மேசையைச் சுற்றி ஒரே அறையில் நடக்கும் விசாரணைகளால் வளர்ந்த தொடர் இது. ஒவ்வொரு கோப்பாக எடுத்து வைத்து, ஒவ்வொரு பொய்யாக உரித்து, மூச்சுவிட மறக்க வைத்த அந்தக் கனம், யாருக்காக நாம் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தோமோ அவனுடைய விசாரணையில் இல்லை. இத்தனை பேர் செத்தார்களே, உத்தரவைக் கைமாற்றிவிட்டு அன்றிரவு அவனால் எப்படித் தூங்க முடிந்தது என்ற கேள்விக்கு அவனிடமிருந்து பதிலே வரவில்லை. பிறகு, ஏசி-12-இன் அதிகாரம் இதுவரை இல்லாத அளவுக்குப் பலவீனமாகிவிட்டது என்பதைத் திரையில் எழுத்தாகப் போட்டு முடித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அதே அத்தியாயத்தில், கும்பலுக்குள் ரகசியமாக ஊடுருவியிருந்த காவல் அதிகாரி கார்பெட்டின் சாவுக்குத் தான் காரணமானதை ஹேஸ்டிங்ஸ் ஒப்புக்கொள்ளும் காட்சி இருக்கிறது. ஹேஸ்டிங்ஸாக நடித்த ஏட்ரியன் டன்பரின் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நல்லவனின் குற்றத்துக்கு அவ்வளவு இடம் கொடுக்கத் தெரிந்தவர்கள் பக்கெல்ஸுக்கும் அதைக் கொடுத்திருக்கலாம்.

படம் முடிந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். “அந்த ஆள இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வெச்சிருக்கணும் கண்ணு, இன்னும் வாயே தொறக்கலியே” என்றார். சற்று நேரம் கழித்து, காட்டன் சாகும் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னார். அதை இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் இன்னொரு முறை பார்த்தோம்.