ரப்பர் பாலுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை: எங்கள் ஆலையில் நடந்தது

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில், விவசாயிகளிடம் ரப்பர் பால் வாங்கி செனக்ஸ் (இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்கிய பால்) ஆக்கி விற்கும் ஒரு சிறிய ஆலையில் கொள்முதலைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் பாலை வாங்குகிறவர்கள் கையுறை செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: இனி நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பேரலுக்கும், அந்தப் பால் எந்தத் தோட்டத்தில் வெட்டியது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்ல வேண்டும். இந்த வேலையில் இறங்கப்போகிற ஆலைக்காரர்களுக்கும் ஆர்.பி.எஸ் எனப்படும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பின்னணி இதுதான். காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாடு, கோகோ, காபி, பாமாயில், சோயா, மரம் இவற்றோடு ரப்பரும் அதில் அடக்கம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்ததை அங்கே விற்க முடியாது. 4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கர் வரை உள்ள தோட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டும். புள்ளியில் தசமத்துக்குப் பின் 6 இலக்கம் வேண்டும். 2024 டிசம்பர் 30 முதல் அமல் என்றார்கள், பிறகு 2025 என்றார்கள், இப்போது 2026 டிசம்பர் 30. சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. இந்தியாவைக் குறைந்த ஆபத்துள்ள நாடு என்று 2025 மே மாதம் வகைப்படுத்தியது ஒரு நிம்மதி. ஆனாலும் புள்ளி கொடுப்பதிலிருந்து விலக்கு கிடையாது.

நம் மாவட்டத்தில் 40 சென்ட், ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர்கள்தான் அதிகம். அதனால் பெரும்பாலும் ஒரு புள்ளி எடுத்தாலே வேலை முடிந்தது. ஆனால் ரப்பர் தோட்டத்துக்குள் நின்று போனைப் பார்த்தால் அந்தப் புள்ளி ஓர் இடத்தில் நிற்காது. இலை அடர்ந்த காலத்தில் பக்கத்து விளைக்குள், அதாவது அடுத்தவர் தோட்டத்துக்குள், போய்விடும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது வானம் திறந்து கிடக்கும். அப்போது எடுத்த புள்ளிகள்தான் புல வரைபடத்தோடு ஒத்துப்போயின. ஒத்துவராத புள்ளிகளை இலை உதிர்ந்த பிறகு மறுபடி போய் எடுத்தோம்.

கோப்பைப் பதிவேற்றும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜியோஜேசன் என்கிற கோப்பு முறையில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. நமக்கு 77, 8 என்று வர வேண்டும். எங்களுக்கு வந்த செயலி இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் குலசேகரத்துத் தோட்டமெல்லாம் நார்வேக்கு வடமேற்கே கடலில் இருந்திருக்கும். நாலைந்து புள்ளிகளையாவது வரைபடத்தில் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உண்மையான வேலை மனிதர்களிடம்தான் இருந்தது. பட்டா நகல் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? திருவட்டாறு பக்கம் ஓர் அம்மா நேராகவே கேட்டார்: "மக்ளே, இந்த நம்பரை வச்சு நாளைக்கு எவனாவது என் விளையை எழுதிக்கிட்டா நான் யார்ட்டே போய் நிக்கது?" நியாயமான கேள்வி. நிலத்துக்காரர் வளைகுடாவில் இருப்பார், தோட்டம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) இருக்கும், பால்வெட்டுகிறவர் மூன்றாவது ஆள். யார் கையெழுத்துப் போடுவது? தகவலை எங்கே வைப்போம், யாருக்குக் காட்டுவோம், வேண்டாம் என்றால் எப்படி அழிப்போம் என்று தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்தோம்.

அப்படியும் பாதிப்பேர் தயங்கினார்கள். அவர்களை மாற்றியது டி.ஆர்.சி. பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. அதை வைத்துத்தான் காசு. தோட்டத்துப் பாலில் அது 30, 35 என்று இருக்கும். அது சரியாகத்தான் பார்க்கப்படுகிறதா என்ற சந்தேகம் இந்தத் தொழிலில் எப்போதும் உண்டு. எங்கள் தராசையும் ஆய்வக அளவையும் கணினியோடு இணைத்து, எடை, டி.ஆர்.சி, அன்றைய விலை மூன்றையும் விவசாயியின் போனுக்கே குறுஞ்செய்தியாகப் போக வைத்தோம். அதற்கப்புறம் பேச்சே மாறிவிட்டது. "என் தோட்டத்தை எப்போ அளக்க வாறிய?" என்று அவர்களே கேட்டார்கள். விவசாயியிடமிருந்து தகவலை எடுக்க மட்டும் செய்கிற எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதை இந்த இடத்தில்தான் நான் முழுதாக நம்பினேன்.

அந்தக் கணக்கிலிருந்து வேறொரு நன்மையும் வந்தது. ஒரு தோட்டத்தின் டி.ஆர்.சி தொடர்ந்து இறங்கினால், அங்கே பெரும்பாலும் தினவெட்டு நடக்கிறது. அப்படி வெட்டினால் பட்டை வறண்டு, 25 ஆண்டு பால் தர வேண்டிய மரம் சீக்கிரமே விறகுக்குப் போகும். டி.ஆர்.சி இறங்குவதை வரைபடத்தில் காட்டிப் பேசியபோது சிலர் ஒன்றுவிட்ட நாள் வெட்டுக்கு வந்தார்கள்.

அந்தப் புள்ளியில் 2020-க்குப் பிறகு காடு அழிந்ததா என்று சரிபார்க்கும் செயற்கைக்கோள் படத்துக்கு வருவோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்த மாவட்டத்து ரப்பர் மரங்களைச் சாய்த்துப் போட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் நட்ட கன்றுகள்தான் இப்போது வெட்டுக்கு வருகின்றன. அவற்றால் பிரச்சினை இல்லை. கிழட்டு மரத்தை 2022-ல் முறித்து மறுநடவு செய்தவர்களின் தோட்டம்தான் காடழிப்பு என்று சிவப்பாகத் தெரிந்தது. மேலிருந்து பார்க்கிற கருவிக்கு ரப்பரும் காடும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் சட்டத்தின்படி ரப்பர் தோட்டம் காடு அல்ல, விவசாய நிலம். அதை முறித்து மறுபடி ரப்பரே நட்டால் காடழிப்பு ஆகாது. பழைய நிலத் தீர்வை ரசீது, ரப்பர் போர்டில் நடவு மானியம் வாங்கிய தாள், இவற்றை ஸ்கேன் செய்து அந்தப் புள்ளியோடு சேர்த்து வைத்தோம். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

ஆலைக்குள் வந்தால் எல்லாவற்றையும்விடக் கடினமானது கலப்பு. புள்ளி உள்ள பாலோடு புள்ளி இல்லாத பாலைக் கலந்துவிட்டால் தொட்டி முழுவதும் வீண். இத்தனை சதவீதம் நல்லது என்று கணக்குக் காட்ட இந்தச் சட்டத்தில் இடமில்லை. க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிய பேரல்கள் அமோனியா ஈரத்தில் ஊறி, இரண்டாம் சுற்றிலேயே ஸ்டிக்கர் உரிந்து தொங்கின. இப்போது பேரலின் கழுத்தில் எண் பொறித்த பிளாஸ்டிக் தகடு கம்பியில் தொங்குகிறது. அந்த எண்ணைத்தான் போனில் அடிக்கிறோம்.

பிரித்து வைக்கத் தொடங்கியதும் தொட்டி கழுவுவது கூடியது, கழிவுநீரும் கூடியது. காட்டைக் காக்கிற சட்டத்துக்காக ஓடைக்குக் கூடுதல் சுமை என்றால் அது எனக்கு ஒப்பவில்லை. தண்ணீர்க் குழாயில் மீட்டர் வைத்து, ஒரு பாலிலிருந்து மற்றப் பாலுக்கு மாறும்போது கழுவ எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்தோம். புள்ளி உள்ள பாலைக் காலையில் முதலில் ஒரே மூச்சில் ஓட்டி, மற்றதைப் பிறகு ஓட்டியபோது இடையில் கழுவும் வேலை ஒன்றாகக் குறைந்தது. வண்டி எந்த வழியாகப் போய் எந்தப் பாலை முதலில் கொண்டுவர வேண்டும் என்பதையும் அதற்கேற்ப மாற்றினோம்.

இத்தனைக்கும் வாங்குகிறவர் கிலோவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரவில்லை. ஆளுக்கும் போனுக்கும் அளவைக்கும் ஆன செலவு எங்களுடையது, அலைச்சல் விவசாயியுடையது. இந்தச் செலவு விலையில் வந்தே ஆக வேண்டும், அதைச் சங்கங்களோடு சேர்ந்துதான் கேட்க முடியும். கூட்டுப் பட்டாவில் கிடக்கும் பங்கு பிரிக்காத நிலங்கள் எங்களுக்கு இன்னும் பாக்கி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவற்றின் தாள்களை மழைக்காலத்திலேயே கேட்டு வாங்கி வையுங்கள். இலை உதிர்ந்ததும் அளக்கப் போகலாம்.