எலி லெமூரின் ஆயுள்

மடகாஸ்கரின் சாம்பல் எலி லெமூர் (எலி அல்ல, குரங்குகளின் உறவான குட்டி விலங்கு) சுமார் 60 கிராம்தான். சினைக்காலம் 60 நாள், ஒரு வயதுக்குள் இனப்பெருக்கப் பருவம். அந்த சைஸ் எலிக்கு மூன்று வயதே கிழப்பருவம். இது கூண்டில் பன்னிரண்டைத் தாண்டும். காட்டில் ஆந்தை அவ்வளவு நாள் விட்டுவைக்காது.

பிரான்சின் புருனுவா ஆய்வகத்தில் 34 ஆண் லெமூர்களில் ஒரு பிரிவுக்குத் தீனியில் 30 சதவீத கலோரியைக் குறைத்தார்கள். 2018இல் வந்த முடிவு: இடைநிலை ஆயுள் (பாதி விலங்குகள் இறந்துவிடும் வயது) 6.4 வருடத்திலிருந்து 9.6 ஆனது. முதுமை நோய்களும் குறைந்தன. ஆனால் மூளையின் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த பகுதி) வேகமாகச் சுருங்கியது! நினைவாற்றலில் பாதிப்பு தெரியவில்லை என்றாலும், டயட் ஆர்வலர்கள் இந்த வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆயுளைக் கணக்கிடும்போது விளக்கு நேரத்தையும் பாருங்கள். செயற்கை வெளிச்சத்தில் பகல் நீளத்தை மாற்றி, ஆண்டின் பருவங்களை வேகமாக ஓட்டினால் இவை சீக்கிரமே மூப்படைந்து இறக்கின்றன.